உடையாத முட்டைக்கு நிவாரணம் இல்லை

நோய் பரவுகிறது, யாரும் வெளியே வரக்கூடாது, கடைகள் எதுவும் திறக்கக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தபோது, அந்த அறிவிப்பு கோழிகளுக்குப் போய்ச் சேரவில்லை. எண்ணூறு கோழிகளும் மறுநாள் காலை வழக்கம்போல முட்டையிட்டன. அதற்கு மறுநாளும் இட்டன. முட்டையக்கா கொட்டகையின் நடுவில் நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் கம்பிக் கூண்டுகளிலிருந்து உருண்டு வந்து வரிசைகட்டி நிற்கும் முட்டைகளைப் பார்த்து, "கொஞ்ச நாள் நிறுத்தித் தொலைங்களேன்" என்று கெஞ்சிக்கூடப் பார்த்தாள்.

அவளுடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. கணவன் இறந்தபின் ஆறு வருஷமாக அவனுடைய தங்கையைத் துணைக்கு வைத்துக்கொண்டு அந்தக் கொட்டகையை நடத்திவந்ததில், ஊர் முழுக்க அவள் முட்டையக்காவாகிவிட்டாள். இரண்டு ஹோட்டல், ஒரு பேக்கரி, ஒரு கல்லூரி விடுதி. இவர்கள்தான் வாடிக்கை. நாலும் ஒரே நாளில் மூடிக்கொண்டன.

முதல் வாரம் அக்கம்பக்கத்துக்குச் சும்மாவே கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வாயார வாழ்த்தினார்கள். இரண்டாவது வாரம் வாழ்த்து குறைந்தது. மூன்றாவது வாரம் அவள் முட்டைத் தட்டோடு தெருவில் வருவதைப் பார்த்தாலே ஜன்னலைச் சாத்தினார்கள். கொட்டகையில் தட்டுமேல் தட்டாக அடுக்கியது கூரையைத் தொட்டது. வெயில் வேறு. கீழ்த் தட்டுகளில் இருந்து நாற்றம் கிளம்பியதும், இருவரும் கொட்டகைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டினார்கள்.

முதல் தட்டைக் கவிழ்த்தபோது நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். நூறாவது தட்டில் அவள் எதையும் மூடிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் சுவரில் ஒரு கரிக்கோடு போட்டாள். முந்நூற்று எண்பது கோடு. தட்டுக்கு முப்பது. பதினோராயிரத்து நானூறு முட்டைகளின்மேல் சுண்ணாம்பைத் தூவி, மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு, இருவரும் கை கழுவினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று தெருத்தெருவாக வந்தது. "நோய்த்தொற்றால் பாதிக்கப்பட்ட பண்ணைகளுக்கு நிவாரணம்! விடுபட்டவர் என்று ஒருவரும் இருக்கமாட்டார்! அலுவலகத்தை உடனே நேரில் அணுகவும்! வீட்டை விட்டு வெளியே வராதீர்கள்!"

இரண்டில் எதைக் கேட்பது என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு முட்டையக்கா அணுகினாள்.

நிவாரண அலுவலகம் மாடியில் இருந்தது. படிக்கட்டில் ஒருவர் விட்டு ஒருவராக ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாலு மணி நேரத்தில் பதினேழு படி ஏறி அவள் மேலே போய்ச் சேர்ந்தபோது கையில் ஒன்பது பக்கப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். இரண்டாம் பக்கத்தைப் படித்ததும் பிரிவு அலுவலரின் மேஜைக்குப் போனாள்.

"ஐயா, இதுல காய்ச்சல் தொடங்கின தேதின்னு கேட்டிருக்கு. எனக்குக் காய்ச்சலே வரலையே."

"உங்களுக்கு இல்லம்மா. பாதிக்கப்பட்ட பண்ணைக்கு."

"பண்ணைக்குக் காய்ச்சல் வருமா?"

பிரிவு அலுவலர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படாத மனிதர். அதுதான் அவரிடம் இருந்த பெரிய கஷ்டம். சண்டை போடவும் முடியாது.

"இது ஆஸ்பத்திரிக்காக அடிச்ச படிவம்மா. புதுசா தயார் பண்ணணும்னா குழு போடணும். குழு போட்டா கூட்டம் கூடும். கூட்டம் கூடக்கூடாதுன்னு உத்தரவு. அதனால 'நோயாளி'ன்னு இருந்த இடத்துல மட்டும் அடிச்சிட்டு 'பண்ணை'ன்னு போட்டிருக்கோம். மக்களைக் காக்க வைக்கக்கூடாது பாருங்க. அதுதான் எங்க ஒரே நோக்கம்."

காய்ச்சல் தொடங்கிய தேதிக்கு ஹோட்டல் மூடிய தேதியை எழுதினாள். மூச்சுத் திணறல் உண்டா என்ற கேள்விக்கு, குழி மூடும்வரை இருந்தது என்று எழுதினாள். ஆறாம் பக்கத்தில், பாதிக்கப்பட்டவர் கடந்த பதினான்கு நாட்களில் யார் யாரோடு நெருக்கமாக இருந்தார் என்று கேட்டிருந்தது. 'நாத்தனார்' என்று எழுதிவிட்டுத் தயங்கினாள்.

"கோழிங்களையும் எழுதணுமாய்யா?"

அவர் உண்மையிலேயே யோசித்தார். "எழுதிடுங்க. பின்னால கேள்வி வரும். ஆனா தனித்தனியா வேணாம், எண்ணூறுன்னு மொத்தமாப் போட்டாப் போதும். நாங்களும் மனுஷங்கதானே."

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'தாங்கள் நடத்திவருவது பதிவேட்டின்படி கோழிக் கொட்டகை ஆகும். இத்திட்டம் பண்ணைகளுக்கு மட்டுமே. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.'

அந்த ஆர்வம் என்ற சொல்லைப் படித்துவிட்டு நாத்தனார் கடிதத்தை எறிந்தாள். எறிந்துவிட்டு அவளே போய் எடுத்துவந்தாள். "அண்ணி, இன்னொரு சேதி தெரியுமா? பண்ணைவீட்டுக்காரருக்கு நிவாரணம் வந்திருக்காம்."

பண்ணைவீட்டுக்காரர் நகரத்தில் குளியலறைச் சாமான் கடை வைத்திருப்பவர். ஊர் எல்லையில் நீச்சல் குளத்தோடு ஒரு பங்களா கட்டி, சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போவார். புல்வெளி உண்டு. அழகுக்கு இரண்டு வாத்து உண்டு. அதற்கு மேல் அங்கே எதுவும் விளைந்து யாரும் பார்த்ததில்லை.

முட்டையக்கா மறுபடி பதினேழு படி ஏறினாள்.

"அவர் வாசல்ல 'பண்ணை வீடு'ன்னு போர்டு இருக்கும்மா. கருங்கல்லுல செதுக்கியிருக்கு" என்றார் பிரிவு அலுவலர். "உங்க வாசல்ல என்ன போர்டு இருக்கு?"

"நாய் ஜாக்கிரதைன்னு இருக்கு."

"நாய் இருக்கா?"

"அது செத்து மூணு வருஷமாச்சு."

"பார்த்தீங்களா? போர்டுல போட்டிருக்கிறதே உங்ககிட்ட இல்ல. போடாததை நாங்க எப்படி நம்புறது?"

"அவருக்கு என்னய்யா நஷ்டம்?"

"ரெண்டு மாசம் அவரால பண்ணைக்கு வரவே முடியல. புல்லு இடுப்பளவு வளர்ந்துபோச்சு." குரலைத் தாழ்த்தினார். "அந்த வாத்து ரெண்டும் ஆளைக் காணாம ஏங்கிப்போச்சாம். அவர் அதைச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைச்சிடுச்சு."

வீட்டுக்கு வந்ததும் முட்டையக்கா பழைய கதவுப் பலகை ஒன்றைத் தேடி எடுத்தாள். மிச்சமிருந்த நீலச் சாயத்தில் நாத்தனார் 'முட்டைப் பண்ணை' என்று எழுதினாள். இடம் போதாமல் கடைசி எழுத்து விளிம்பில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. அதைப் புகைப்படம் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அலுவலகம் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. நேற்றுவரை கொட்டகையாக இருந்தது சட்டப்படி பண்ணையாகிவிட்டது. இனி நேரடி ஆய்வு ஒன்றுதான் பாக்கி என்றார்கள்.

நேரடி ஆய்வு பதினோரு மாதம் கழித்து ஒரு ஜீப்பில் வந்தது. மூன்று பேர். தலைவர், உறுப்பினர், இருவரும் சொல்வதை எழுதிக்கொள்பவர். வாசல் பலகையை முதலில் அளந்தார்கள். சுவரில் இருந்த கரிக்கோடுகளைப் பார்த்தார்கள். தலைவர் உதட்டைப் பிதுக்கினார்.

"கோடு யார் வேணும்னாலும் போடலாம். சரக்கைக் காட்டுங்க."

"புதைச்சாச்சே" என்றாள் முட்டையக்கா.

"தோண்டுங்க."

அவர் விளையாடுகிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "நாங்க பார்க்காம, புதைச்சாங்கன்னு எப்படிக் கையெழுத்துப் போடுறது? இது மக்கள் பணம்மா. என் சொந்தப் பணமா இருந்தா யோசிக்காம குடுத்திருப்பேன்."

குழுவுக்குத் தோண்ட ஆள் ஒதுக்கவில்லை. ஆகவே புதைத்த இருவரே தோண்டினார்கள். இடுப்பளவு போனதும் மண்வெட்டி எதிலோ பட்டு மெத்தென்றது. அடுத்த நிமிஷம் அந்த நாற்றம் எழுந்தது. நாற்றம் என்று சொன்னால் அது குறைவு. கொட்டகையில் இருந்த கோழிகள் கூடச் சத்தத்தை நிறுத்திக்கொண்டன. எழுதிக்கொள்பவர் ஜீப்புக்குப் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு அங்கிருந்தே எழுதத் தொடங்கினார். தலைவர் மட்டும், கடமை என்று வந்துவிட்டபின், மூக்கில் கைக்குட்டையோடு குழியின் ஓரத்தில் நின்றார்.

முட்டையக்கா இரண்டு கையாலும் அள்ளிக் காட்டினாள். "பாருங்கய்யா."

"இது என்ன?"

"முட்டை."

"இதுவா? இது வெறும் ஓடுதாம்மா. திட்டத்துல முட்டைக்குத்தான் நிவாரணம். ஓட்டுக்குன்னு ஒண்ணும் சொல்லல."

"முட்டை உடைஞ்சாத்தானேய்யா ஓடு?"

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியுமா?"

நாத்தனார் குழிக்குள் குனிந்து, சுண்ணாம்பு படிந்த ஒரு முழு முட்டையை எடுத்து நீட்டினாள். இன்னும் கைவிட்டுத் தேடித் தேடி எடுத்தாள். அப்படி உடையாமல் கிடைத்தவை இருநூற்றுப் பன்னிரண்டு. அவற்றை வரிசையாக வைக்கச் சொல்லி, உறுப்பினர் ஒவ்வொன்றாகத் தொடாமல் எண்ணினார்.

"இதெல்லாம் முட்டைதானே?" என்றாள் நாத்தனார்.

"சந்தேகமே இல்ல. முட்டைதான்" என்றார் தலைவர்.

"அப்போ இதுக்காவது எழுதுங்க."

"உடைஞ்சிருக்கா?"

"இல்ல."

"உடையலைன்னா சேதம் எங்கம்மா இருக்கு?" என்று அவர் மிகவும் பொறுமையாகக் கேட்டார். "உடைஞ்சது முட்டை இல்ல. முட்டையா இருக்கிறது உடையல. நான் எதைத்தான் எழுத? உங்களுக்கு உதவணும்னுதான் நானும் நினைக்கிறேன். நீங்கதான் ஒரு வழியும் விடமாட்டேங்கிறீங்க."

நாத்தனார் வரிசையிலிருந்து ஒரு முட்டையை எடுத்தாள். அதை அவருடைய காலடியில் ஓங்கி அடித்தாள். ஒரு வருஷத்துச் சரக்கு பட்டாசுபோல வெடித்தது.

ஜீப் போனபின் வெகுநேரம் தூசி அடங்கவில்லை. ஒரு வாரத்தில் ஆய்வறிக்கை வந்தது. 'குழுவின் முன்னிலையில் உறுதி செய்யப்பட்ட மொத்தச் சேதம்: முட்டை ஒன்று. சேதத்துக்குக் காரணம்: விண்ணப்பதாரரின் உறவினர். சேதம் நோய்த்தொற்றால் ஏற்பட்டதல்ல.' மேல்முறையீடு செய்ய விரும்பினால் ஏழாம் எண் படிவம் தரப்படும் என்றும் கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

முட்டையக்கா ஏழாம் எண் படிவம் வாங்கிவந்த அன்றைக்குத்தான் இருவருக்கும் பேச்சு முற்றியது. கோழிகளுக்கு வயதாகிவிட்டது. முட்டை பாதியாகக் குறைந்து, கிழட்டுக் கோழிகளை ஒவ்வொரு வாரமும் கழித்துக்கொண்டே வந்ததில் இடது பக்க வரிசை முழுக்கக் காலி. புதுக் குஞ்சு வாங்க வேண்டும். அந்த நிவாரணத்தை நம்பித்தான் வாங்காமல் இருந்தாள்.

"மாசத்துல பத்து நாள் அந்தப் படிக்கட்டுல போய் உக்காந்திருக்கீங்க அண்ணி" என்றாள் நாத்தனார். தீவன வாளியைக் கீழே வைக்கவில்லை. "பத்து நாளும் தீவனம் போடுறது யாரு? தண்ணிக் குழாய் அடைச்சா குத்திவிடுறது யாரு? வாங்கிட்டு வர்றது காகிதம். அதையாவது கோழி திங்குமா?"

"இவ்வளவு தூரம் வந்தாச்சுடி. இப்போ விட்டா..."

"விட்டா என்ன ஆகும்? சொல்லுங்க."

முட்டையக்கா காலிக் கூண்டுகளின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "விட்டா, நாம ஒண்ணும் புதைக்கவே இல்லைன்னு ஆயிடும். முந்நூத்தி எண்பது தட்டு. நீயும் நானும்தான் கொட்டினோம். அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு ஒருத்தன் எழுதிக் குடுத்துட்டுப் போறான். அதை வாங்கிட்டு எப்படிடி சும்மா இருக்கிறது?"

"சும்மா இருங்கன்னு சொல்லல. பிழைக்கலாம்னு சொல்றேன்" என்றாள் நாத்தனார். மறு வாரத்திலிருந்து பை தைக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் முட்டை பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் தலையெல்லாம் நூல் துணுக்கோடு வருவாள். அண்ணியோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. முட்டையக்கா ஒரே ஆளாகத் தீவன மூட்டை இழுத்ததில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. ஆனாலும் ஏழாம் எண் படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள். அதற்குப் பதிலே வரவில்லை.

பதிலுக்குப் பதிலாக, நாலு மாதம் கழித்துப் பிரிவு அலுவலரே வந்தார். நேரில். கையில் பழப் பை வேறு.

முட்டையக்காவுக்குக் கைகால் ஓடவில்லை. சேலைத் தலைப்பால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அதிகாரி வீடு தேடி வந்து பழமும் கொடுக்கிறார் என்றால் பணம் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அந்த ஒரு நிமிஷத்துக்குள் அவள் மனசில் இடது பக்க வரிசை முழுக்கக் குஞ்சுகள் வந்து நின்றுவிட்டன.

"ஒரு கையெழுத்துதாம்மா" என்று அவர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். எல்லாம் முன்னமே நிரப்பியிருந்தது. "படிச்சுப் பார்த்தே போடுங்க. நாங்க யாரையும் அவசரப்படுத்துறது இல்ல."

படித்தாள். 'எனது மனுவை நான் முழு மனதுடன் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.'

"இது என்னய்யா?"

"நம்ம மாவட்டத்துல மொத்தம் நானூத்திப் பன்னெண்டு மனு வந்துச்சு. அதுல நானூத்திப் பதினொண்ணுக்குத் தீர்வு கண்டாச்சு." அவர் முகம் மலர்ந்திருந்தது.

"அத்தனை பேருக்கும் குடுத்துட்டீங்களா?"

"குடுத்தது ஒருத்தருக்கு. மீதி நானூத்திப் பத்துப் பேரும் தாங்களாவே திரும்ப வாங்கிட்டாங்க. சிலர் முதல் படிக்கட்டுலயே. மக்கள் ஒத்துழைப்பு இல்லாம இப்படி ஒரு சாதனை நடக்குமா? தகுதி இல்லாதவங்க ஒருத்தருக்குக்கூட ஒரு காசு போகக்கூடாதுன்னு நாங்க ராப்பகலா உழைச்சோம். போகல. நிலுவையே இல்லாத மாவட்டம்னு தலைநகரத்துல விருது குடுக்கப் போறாங்க. உங்க மனு ஒண்ணுதான் குறுக்க நிக்குது."

"கையெழுத்துப் போட்டா எனக்கு நிவாரணம் வருமா?"

"எப்படிம்மா வரும்? மனுவே இருக்காதே."

"போடலைன்னா?"

"மனு இருக்கும். நிவாரணம் வராது."

"அப்போ ரெண்டுலயும் எனக்கு ஒண்ணுமில்ல."

"உங்களுக்கு இல்லதான்" என்று அவர் வெள்ளந்தியாகச் சொன்னார். "ஆனா போட்டா எனக்கு விருது வரும். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போறேன். முப்பத்தி நாலு வருஷத்துல ஒரு விருதுகூட வாங்கினதில்லம்மா."

அவர் பொய் சொல்லவில்லை என்பது தெரிந்தது. முட்டையக்காவுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. ஒரு பெரிய அலுப்புதான் வந்தது. போட்டுத் தொலைத்தால் என்ன? இந்த மனுஷன் இந்த நாற்காலியை விட்டு எழுந்து போவான். நாளையிலிருந்து அந்தப் படிக்கட்டு இல்லை. அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

அப்போது நாத்தனார் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். பிரிவு அலுவலர் உற்சாகமாகி அவளிடம் தாளைக் காட்டி எல்லாவற்றையும் முதலில் இருந்து சொன்னார். "நீங்களாவது உங்க அண்ணிக்கு எடுத்துச் சொல்லுங்கம்மா. பார்த்தா விவரம் தெரிஞ்சவங்களா இருக்கீங்க."

நாலு மாதத்துக்கு முன்னால் இதை விட்டுவிடச் சொன்னவள் அவள்தான். கேட்டுக்கொண்டே தலையில் இருந்த நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

"விருது வாங்கும்போது மேடையில பேசச் சொல்வாங்களா?" என்று கேட்டாள்.

"பின்னே? மூணு நிமிஷம். எழுதியே வெச்சிருக்கேன்." அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"என்ன பேசுவீங்க?"

"எங்க மாவட்டத்துல இந்த நோயால பாதிக்கப்பட்ட பண்ணைன்னு இன்னைக்கு ஒண்ணுகூட இல்லைன்னு பெருமையோட சொல்லிக்கிறேன். இப்படித்தான் ஆரம்பம்."

நாத்தனார் கடைசி நூல் துணுக்கையும் எடுத்துப் போட்டாள். பிறகு பழப் பையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"போடாதீங்க அண்ணி" என்றாள்.

முட்டையக்கா பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள். அவர் அரை மணி நேரம் கெஞ்சினார். வெறுங்கையோடு போகிறவர்போல, பழப் பையோடு தெருவில் இறங்கிப் போனார். விருது வேறு மாவட்டத்துக்குப் போனது. மாத அறிக்கையில் இவர்கள் மாவட்டத்துக்கு எதிரே 'நிலுவை: 1' என்று அச்சாகி வந்தது. நாத்தனார் கம்பெனியில் யாரோ வைத்திருந்த செய்தித்தாளிலிருந்து அதைக் கிழித்துக் கொண்டுவந்து காட்டினாள். பதினோராயிரத்து நானூறு முட்டைகளைப் பற்றி அரசாங்கம் இதுவரை ஒப்புக்கொண்டது அந்த ஓர் எண்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு குஞ்சுகூட வாங்க முடியாது. இடது பக்க வரிசை காலியாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பழையபடி பேசிக்கொண்டே கொட்டகையைக் கூட்டுகிறார்கள்.

பிரிவு அலுவலர் மாதம் தவறாமல் முதல் தேதி காலையில் போன் செய்கிறார். முட்டையக்கா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கை நிற்காமல் முட்டை பொறுக்குவாள்.

"மனசு மாறிச்சாம்மா?"

"இன்னும் பரிசீலனையில இருக்குய்யா" என்பாள்.